ஒரு செல்பேசி, ஒரு ஸ்பீக்கர், நாற்பத்திரண்டு குரல்கள்

முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். எங்கள் ஏழாம் வகுப்பு அறையில் நான்கு மின்விசிறிகள் இருக்கின்றன. நான்கும் சுழன்றால் சுருதிப் பெட்டியின் ஓசை மூன்றாவது பெஞ்சைத் தாண்டாது. நான்காவது பெஞ்சில் இருக்கும் பிள்ளை சுருதி விலகிப் பாடினால் அவளைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. சுருதி அவளுக்கு எட்டவே இல்லை. பல ஆண்டுகள் இது தெரியாமல் அந்தப் பிள்ளைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். இப்போது சுருதி சேர்க்கும் பத்து நிமிடங்கள் விசிறி ஓடாது. ஏப்ரல் வெயிலில் ஐந்து நிமிடம். அவ்வளவு நேரம் வியர்வையைப் பொறுக்கப் பிள்ளைகள் தயங்குவதில்லை, காரணத்தைச் சொல்லிவிட்டால் போதும்.

வியாசர்பாடிப் பக்கம், ரயில் பாதையை ஒட்டிய பள்ளி எங்களுடையது. இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். கையில் இருப்பவை: என் செல்பேசி, ரிச்சி தெருவில் வாங்கிய ஸ்பீக்கர் ஒன்று, அதற்கு ஒரு கம்பி, உறவினர் ஒருவர் கொடுத்த பழைய மடிக்கணினி. வாரத்தில் ஒரு நாள் மாடியில் இருக்கும் ஸ்மார்ட் போர்டு அறை கிடைக்கும். ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கும் பள்ளிகளுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை. என்னைப் போல் ஒரு செல்பேசியோடு வகுப்புக்குள் நுழையும் ஆசிரியர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஸ்மார்ட் போர்டு வந்த புதிதில் ஒரு மாணவியிடம் கடிகாரத்தைக் கொடுத்துக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தேன். நாற்பது நிமிட வகுப்பில் பிள்ளைகள் வாய் திறந்து பாடும் நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளச் சொன்னேன். சாதாரண நாளில் இருபத்து நான்கு நிமிடங்கள். போர்டு அறையில் பதினொன்று. மீதி நேரம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து எந்தக் கருவியை எடுத்தாலும் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: இது பிள்ளையை அதிகம் பாடவைக்கிறதா, கூர்ந்து கேட்கவைக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் பைக்குள் திரும்பிவிடும்.

சுருதியை எட்டவைப்பது

தம்புராச் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. செல்பேசியின் சொந்த ஸ்பீக்கரில் மட்டும் அதை ஒலிக்கவிடாதீர்கள். அந்தச் சிறு துளைக்குத் தாழ்ந்த ஒலிகளைத் தரும் வலு இல்லை. கட்டை என்பது பாடும் சுருதியின் உயர அளவு; 5 கட்டையின் கீழ் சட்ஜமம் (ச) விநாடிக்கு 196 அதிர்வு. செல்பேசியில் அது மெலிந்து, மேல் ஒலிகளின் ரீங்காரம் மட்டுமே வரும். பிள்ளை பிடித்துக்கொள்ள அடித்தளம் இருக்காது. நடுத்தர அளவு ஸ்பீக்கர் ஒன்று போதும். கரும்பலகை ஓரத்தில் வைத்தால் முன்வரிசைக்குக் காது அடைக்கும், பின்வரிசைக்குக் கேட்காது. நான் அறையின் நடுவில் ஜன்னல் திண்டில், பிள்ளைகள் உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில் வைக்கிறேன். பாட்டு ஓடும்போது சுருதி அமுங்கிப்போகலாம். மூச்சு வாங்கும் இடைவெளியில் தெளிவாகக் கேட்க வேண்டும். ஒலியின் அளவுக்கு அதுவே கணக்கு.

கட்டை எது? செயலிகள் பல மேல்நாட்டுப் பெயர்களில் கேட்கும். 1 கட்டை சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ. அரைக் கட்டைகள் கீபோர்டின் கருப்புக் கட்டைகள். 3-க்கும் 4-க்கும் நடுவில் கருப்புக் கட்டை கிடையாது, அதனால் மூன்றரை என்று ஒன்று இல்லை. ஆறு, ஏழாம் வகுப்புக்கு 6 கட்டையில் தொடங்கி, அரை அரையாக இறக்கிப் பாருங்கள். கீழ் சட்ஜமத்தில் குரல் வெறும் காற்றாகிவிட்டால் கட்டை போதவில்லை. மேல் சட்ஜமத்தில் கழுத்து நரம்பு புடைத்தால் கூடிவிட்டது. ஆண் ஆசிரியர்கள் தங்களுக்கு வசதியான 1 கட்டையிலேயே சொல்லிக்கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் அதற்கு ஒரு ஸ்தாயி (ச முதல் மேல் ச வரை) மேலே பாட வேண்டியிருக்கும்; மேல் காந்தாரத்தைத் (க) தொடும்போது பாட்டு கூச்சலாகிறது. எட்டாம் வகுப்பில் குரல் உடையும் பையன்களைப் பாடாதே என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். சுருதியை மாற்றாமல் அவர்களை மட்டும் கீழ் ஸ்தாயியில் பாடச் சொல்லுங்கள். அந்த வயதில் வாயை மூடியவன் பிறகு திறப்பதே இல்லை.

சுருதிச் செயலியை வைத்து நான் நடத்தும் விளையாட்டு ஒன்று உண்டு. பல செயலிகளில் பஞ்சமத்தை (ப) தனியாக அணைக்க முடியும். அணைத்துவிட்டு, சட்ஜமம் மட்டும் ஒலிக்கும்போது பஞ்சமத்தை மனத்துக்குள் தேடச் சொல்கிறேன். கிடைத்தவர்கள் கை தூக்க வேண்டும். பிறகு எல்லோரும் மெதுவாக வாயால் பிடிக்க வேண்டும். பத்து விநாடி கழித்துப் பஞ்சமத்தைத் திறந்துவிடுவேன். குரலும் தம்புராவும் ஒன்றாகக் கலக்கும் அந்த நொடியில் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். சிலப்பதிகாரக் காலத்தில் சட்ஜமத்தைக் குரல் என்றும் பஞ்சமத்தை இளி என்றும் அழைத்தார்கள் என்று ஒரு நாள் சொன்னேன். அதன் பிறகு எங்கள் வகுப்பில் இந்த விளையாட்டுக்கு 'இளி எங்கே' என்று பெயர் வந்துவிட்டது.

கீபோர்டு இருந்தால் அதில் ஓர் எச்சரிக்கை. செயலியில் அடிப்படை ஏ 440 (ஏ ஸ்வரத்துக்கு விநாடிக்கு 440 அதிர்வு) என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இரண்டும் ஒத்துப்போகாது. ஒத்துப்போனாலும் உயர்ந்த வகைக் காந்தாரமான அந்தர காந்தாரம் கீபோர்டில் சற்றே மேலே நிற்கும். தம்புராத் தந்தியில் தானாகப் பிறக்கும் காந்தாரத்தின் அதிர்வு, அதே ஸ்தாயிச் சட்ஜமத்தைப் போல் ஒன்றேகால் மடங்கு. கீபோர்டு ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகமாக வெட்டுகிறது. அரைக் கட்டையை 100 பங்காக வைத்தால் கீபோர்டின் காந்தாரம் ஏறக்குறைய 14 பங்கு கூடுதல். காது அதை உணரும். பஞ்சமத்தில் வித்தியாசம் 2 பங்குதான், கவலை வேண்டாம். ஆகவே ஸ்வரத்தின் இடத்தைக் கீபோர்டில் காட்டுங்கள். நின்று பாடுவதைத் தம்புராவோடு செய்யுங்கள். ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்தை உங்கள் வாயால் மட்டுமே கொடுங்கள்.

ஸ்பீக்கரோடு செல்பேசியைக் கம்பியில் இணைப்பதா, புளூடூத்திலா? சுருதி மட்டும் ஓடுவதற்கு எதுவும் சரி. செல்பேசியில் பியானோச் செயலியை வாசித்துக் காட்டுவது என்றால் கம்பி கட்டாயம். புளூடூத்தில் விரல் தொட்டதற்கும் ஒலி வருவதற்கும் இடையில் தாமதம் விழும். விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூடப் போகும். தாளம் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் அது விஷம். புதிய செல்பேசியில் கம்பி சொருகும் வட்டத் துளை இல்லையென்றால் டைப்-சி மாற்றி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாக வாங்குங்கள், ஒன்று நிச்சயம் தொலையும்.

பதிவு செய்து உடனே கேட்பது

இருபத்திரண்டு ஆண்டுகளில் என் வகுப்பை அதிகம் மாற்றியது செல்பேசியின் ஒலிப்பதிவுப் பொத்தான்தான்.

பாடுகிறவருக்குத் தன் குரல் முழுதாகக் கேட்பதில்லை. மண்டை எலும்பு வழியாகவும் ஒலி காதுக்குப் போவதால் நம் குரல் நமக்குக் கனமாகத் தோன்றுகிறது. பதிவில் அது இருக்காது. முதல் தடவை கேட்கும்போது வகுப்பே சிரிக்கும், சிலர் முகத்தை மூடிக்கொள்வார்கள். சிரித்து முடிக்கட்டும். காரணத்தைச் சொல்லுங்கள். முதல் பதிவு எப்போதும் வகுப்பு முழுவதும் சேர்ந்து பாடியதாக இருக்கட்டும், தனிக் குரல் வேண்டாம். இரண்டாம் வாரத்தில் சிரிப்பு தானாக அடங்கிவிடும்.

செல்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். ஒரு முறை ஆண்டு விழாவில் இதை மறந்தேன். பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தபோது பாட்டு நின்று, அழைப்பு மணி அரங்கம் முழுவதும் ஒலித்தது. நடுவில் நின்றிருந்த சிறுமி அழுதுவிட்டாள். இன்று வரை எனக்கு அது ஆறவில்லை. பதிவில் அழைப்பு வந்தால் பதிவே நின்றுபோகும்.

முன்வரிசையிலிருந்து இரண்டு பெரிய அடி தள்ளி, நிற்கும் பிள்ளைகளின் முக உயரத்தில், செல்பேசியை மடித்த துண்டின் மேல் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் காலடி அதிர்வெல்லாம் இடியாகப் பதிவாகும். எங்கள் அறையில் எதிரொலி அதிகம். புத்தகப் பைகளை எல்லாம் பின்சுவர் ஓரம் அடுக்கச் சொல்கிறேன், ஓரளவு குறைகிறது. ரயில் கடக்கும் நேரம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். "மிஸ், இன்னும் ரெண்டு நிமிடம்" என்று அவர்களே சொல்வார்கள்.

செயலியின் அமைப்பில் இரைச்சல் குறைப்பு என்று இருந்தால் அணைத்துவிடுங்கள். ஒரே மாதிரி நீளும் ஒலியை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அது அழித்துவிடும். தம்புரா அப்படி நீளும் ஒலிதானே. 2020-இல் காணொளி வகுப்பு நடத்திய ஆசிரியர்களுக்கு இது நினைவிருக்கும்: நாம் இங்கே சுருதி போட்டால் அங்கே பிள்ளைக்குக் கேட்காது. சுருதி இல்லாமலே ஓராண்டு பாடிய பிள்ளைகளை மீட்க எனக்கு இன்னோர் ஆண்டு ஆனது.

முப்பது விநாடிக்கு மேல் பதிவு செய்யாதீர்கள். பதிந்ததை அந்த இடத்திலேயே ஒலிக்கவிடுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். கேட்கும் முன் ஒரு கேள்வியை மட்டும் கரும்பலகையில் எழுதுங்கள். 'கடைசி எழுத்தை எல்லோரும் ஒன்றாக முடித்தோமா?' அல்லது 'எந்த ஸ்வரத்தில் இறங்கினோம்?' மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்டால் பிள்ளை எதையும் கேட்காது. விடையைப் பிள்ளைகளே சொல்ல வேண்டும். நான் சொன்னால் அது இன்னொரு திட்டு; அவர்கள் கண்டுபிடித்தால் அடுத்த தடவை பாடும்போது அந்த இடம் வரும் முன்பே நிமிர்ந்து உட்காருகிறார்கள். உடனே மறுபடி பாடி, மறுபடி பதிந்து, இரண்டையும் அடுத்தடுத்து ஒலிக்கவிடுங்கள்.

55 விநாடி

2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்தது. முல்லைப்பண்ணில், அதாவது மோகன ராகத்தில், மூன்று மூன்றாக எண்ணும் மூன்றன் நடையில் 55 விநாடிகளில் பாட வேண்டும் என்றும், விழாக்களில் இசைத்தட்டை ஒலிக்கவிடாமல் பயிற்சி பெற்றவர்களே பாட வேண்டும் என்றும் சொன்னது. அந்த அறிவிப்பைப் படித்த நாள் எனக்குப் பெரிய நாள். ஒலிநாடாவின் பின்னால் உதடு அசைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் சொந்தக் குரலில் பாடியாக வேண்டும் என்பதற்கு அதைவிட வலுவான காரணம் எனக்குக் கிடைக்காது.

அடுத்த கல்வியாண்டில் எங்கள் பிள்ளைகளைப் பாடவைத்துப் பதிந்தேன். 66 விநாடிகள். வேகமாகப் பாடுங்கள் என்றேன். சொற்கள் நசுங்கின, விநாடி குறையவில்லை. அப்போதுதான் பதிவை மடிக்கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து பார்த்தேன். ஒலி மேடும் பள்ளமுமாக அலையாகத் தெரியும். ஒவ்வோர் அடியின் முடிவிலும் அகலமான பள்ளம் இருந்தது. நாற்பத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கி, ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து, பிறகு தொடங்கியிருக்கிறார்கள். பாட்டின் வேகம் சரிதான். விநாடிகள் அந்தப் பள்ளங்களில் கிடந்தன.

அதைப் பிள்ளைகளுக்கே திரையில் காட்டினேன். வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி அடி முடிவிலும் மறு பாதி அடியின் நடுவிலும் மூச்சு வாங்கப் பழக்கினேன். சீரான வேகத்தில் தட்டும் மெட்ரோனோம் செயலியை மூன்று எண்ணிக்கைக்கு வைத்தோம். வேகத்தை எண்ணாகத் தேட வேண்டாம். பல செயலிகளில் விரலால் தட்டும் பொத்தான் இருக்கிறது, நீங்கள் பாடிக்கொண்டே நாலைந்து தட்டு தட்டினால் அதுவே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். கருவி டிக் டிக் என்றாலும் பிள்ளைகளின் கை தாளம் போட்டே ஆக வேண்டும். இரண்டு வாரத்துக்குப் பிறகு கருவியை நிறுத்திவிட்டு ஒரு மாணவனைத் தாளம் போடவைத்தேன். ஆகஸ்ட் 15-க்கு முந்தைய ஒத்திகையில் 57. காந்தி ஜயந்தி வரும் முன் 55.

காலை வழிபாட்டுத் திடலில் சுருதி கிடைக்காதே என்று சிலர் கேட்பார்கள். பாடத் தொடங்கும் முன் செல்பேசியை மைக்கின் அருகில் பிடித்து ஐந்து விநாடி தம்புராவை ஒலிக்கவிடுங்கள், போதும். பாட்டு முடிந்ததும் அதே தம்புராவைக் காதோடு வைத்துச் சரிபாருங்கள், அரைக் கட்டை இறங்கியிருந்தால் மறுநாள் வகுப்பில் சொல்லலாம்.

ஆடாசிட்டியில் இன்னொரு வேலையும் நடக்கும். கடினமான சங்கதியை (ஒரே வரியை மாற்றிப் பாடும் விதத்தை) நீங்களே பாடிப் பதிந்து, 'சேஞ்ச் டெம்போ' மூலம் 20 சதவீதம் மெதுவாக்கினால் சுருதி மாறாது. 'சேஞ்ச் ஸ்பீடு' என்பதை அழுத்திவிடாதீர்கள், அதில் சுருதியும் சேர்ந்து இறங்கும். பக்கவாத்தியப் பதிவின் கட்டை பிள்ளைகளுக்கு ஒத்துவராவிட்டால் 'சேஞ்ச் பிட்ச்'. மிக மெதுவாக்கினால் ஒலி தேய்ந்து கரகரக்கும்.

வரைந்ததைப் பாடு

இணையம் இருக்கும் நாளில் குரோம் மியூசிக் லேப் என்ற இணையதளம். காசு இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. அதில் சாங் மேக்கர் என்றொரு பகுதி. கட்டங்களை நிரப்பினால் ஸ்வரமாக ஒலிக்கும். அமைப்பில் 'பென்டாடோனிக்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்: ச ரி க ப த, மோகனத்தின் அதே ஐந்து ஸ்வரங்கள். பிள்ளை எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் மோகனத்துக்கு வெளியே போகாது. நாலு பேர் குழுவாக இரண்டு வரி வரைய வேண்டும். ஒரே நிபந்தனை, வரைந்ததைக் குழு பாடிக் காட்ட வேண்டும். நிபந்தனை இல்லாதபோது வீடும் மீனும் வரைந்தார்கள். வந்த பிறகு, எந்த ஸ்வரத்திலிருந்து எங்கே தாவினால் வாய்க்கு வரும் என்று கட்டம் வைப்பதற்கு முன்பே முணுமுணுத்துப் பார்த்தார்கள். அந்த முணுமுணுப்புக்காகத்தான் இந்த வகுப்பு.

சாங் மேக்கர் திரையின் அடியில் இரண்டு வரிசை தாளத்துக்கு. எங்கள் பகுதியில் பறையடிக் குடும்பத்துப் பிள்ளைகள் உண்டு. ஒரு பையன், பாட்டில் எப்போதும் பின்னால் ஒதுங்குகிறவன், அந்த இரண்டு வரிசையில் தன் சித்தப்பாவிடம் கேட்ட அடியைக் கட்டம் கட்டமாக வைத்தான். திரையில் சரியாக வரவில்லை. "இப்படி இல்ல மிஸ்" என்று பெஞ்சில் தட்டிக் காட்டினான். நாற்பத்தொரு பேரும் அவனைப் பார்த்துத் தட்டக் கற்றுக்கொண்டார்கள். கட்டத்தில் அடங்காதது எது என்று அன்று அவன்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தான்.

அதே தளத்தில் ஸ்பெக்ட்ரோகிராம், ஒலியைப் படமாக ஓடவிடும். சட்ஜமத்தை நீட்டிப் பாடினால் நேர்க்கோடு; மூச்சு தீரும் இடத்தில் கோடு சரியும். கமகம் வளைந்து வளைந்து போகும். பருவத்துக்கு ஒரு முறை காட்டினால் போதும்.

பச்சை, சிவப்பு விளக்கு காட்டிச் சுருதி சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்லும் செயலிகளை வகுப்பின் நடுவில் எடுக்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். சிவப்பு வந்த பிள்ளை மறுவாரம் விடுப்பு எடுக்கும். பச்சை வந்த பிள்ளை காதை விட்டுவிட்டுக் கண்ணால் பாடத் தொடங்கும். திரையில் பாடல் வரிகளைப் போடுவதும் முதல் வாரம் மட்டும். அடுத்த வாரம் ஒவ்வோர் அடியிலும் முதல் சொல்லை மட்டும் விடுங்கள், மூன்றாம் வாரம் திரை இருட்டு.

மின்சாரம் போனால் என்ன செய்வது? ஸ்பீக்கரை முந்தைய இரவே மின்னேற்றி வையுங்கள். அலமாரியில் துருத்தி வைத்த பழைய சுருதிப் பெட்டி ஒன்றும் இருக்கட்டும்.

பதிவுகளைப் பற்றி இன்னும் ஒன்று. பிள்ளைகளின் குரலை வாட்ஸ்அப் நிலையிலோ வேறு எங்கோ போடாதீர்கள்; பெற்றோரிடம் எழுத்தில் கேட்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். கோப்புக்குத் தேதி, வகுப்பு, பாட்டு என்ற வரிசையில் பெயரிடுங்கள், பிள்ளையின் பெயர் வேண்டாம். ஒற்றைத் தடத்தில் பதிந்த சுருக்கப்படாத ஒலி நிமிடத்துக்கு 5 எம்பி அளவுதான் பிடிக்கும், முப்பது விநாடித் துண்டுகள் ஆண்டு முழுவதுக்கும் ஒரு பென் டிரைவில் அடங்கும். மார்ச் கடைசி வாரத்தில், அழிப்பதற்கு முன், ஜூன் மாதப் பதிவையும் கடைசிப் பதிவையும் ஒலிக்கவிடுவேன். சென்ற மார்ச்சில் ஜூன் பதிவு ஓடியபோது ஒரு பெண் எழுந்து, "இது ஆறாம் வகுப்பா மிஸ்?" என்று கேட்டாள். தேதியைப் படித்துக் காட்டினேன். பிறகு எல்லோருமாக மின்விசிறியை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை பாடினோம்.